வெல்டரின் மெஷினைப் பூட்டி வைத்திருக்கிறோம், அது சரியா?

காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் ராணுவத்தில், வடக்கே பணியில் இருக்கிறார். வீட்டில் இவர், மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். மாமனார் கட்டிய பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது நான்கு வேலைகளை இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் வெல்டரிடம் ஒப்படைத்திருக்கிறார்: வாசலுக்கு இரட்டைக் கதவு கேட், நான்கு ஜன்னல் கிரில், மாடிப்படிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி, மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு ஷீட் கூரை. மொத்தம் 1,10,000 ரூபாய் என்று பேச்சு. செல்போன் வழியாக 45,000, கையில் 15,000, ஆக 60,000 கொடுத்தாகிவிட்டது. கேட், கைப்பிடி, இரண்டு கிரில் முடிந்தன. அதன் பிறகு வெல்டர், "இரும்பு விலை ஏறிவிட்டது, பேசியதற்கு மேல் 30,000 தந்தால்தான் மீதி வேலை" என்று சொல்லி நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. கேட்டின் இடது கதவு தொங்கிவிட்டது. கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் கேபிளும் வீட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன. மாமியார் அதைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு மெஷினை எடுத்துப் போ" என்று சொல்லிவிட்டார். வெல்டர் பதிலுக்கு, தன்னிடம் கையாளாக இருக்கும் 19 வயது அக்கா மகனுக்கு இந்த வீட்டு வேலையில்தான் கண் கெட்டது, வைத்தியத்துக்கு 10,000 வேண்டும் என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: போலீசில் மோசடிப் புகார் கொடுத்தால் பணம் திரும்ப வருமா? தெரிந்த அண்ணன் என்று நம்பி எதையும் எழுதிக்கொள்ளாததால் வழக்கே நிற்காதா? மெஷினைப் பூட்டி வைத்தது குற்றமா? பையனின் கண்ணுக்கு நான் பொறுப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியாரிடமிருந்து அந்தச் சாவியை வாங்குங்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம். இது மட்டும் இந்த வாரமே நடக்க வேண்டும்.

உங்கள் மாமியாரின் கோபம் எனக்குப் புரிகிறது. வீட்டில் ஆண்துணை இல்லாத நேரத்தில் ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு அரைகுறையாக நிறுத்தினால், கையில் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தரவில்லை. தையற்காரர் தைத்த துணியைக் கூலி கொடுக்கும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஒரு பொருளில் உழைப்பைப் போட்டவருக்கு அந்தப் பொருள்மேல் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு தரும் உரிமை அது. வேலை கொடுத்தவர் வேலைக்காரரின் கருவியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்குப் போட்டு, வென்று, அவர் பணம் கட்டாமல், நீதிமன்றமே அவர் சொத்தை ஜப்தி செய்ய உத்தரவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கைத்தொழில் செய்பவரின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அது. கடன்காரனாகவே இருந்தாலும் ஒருவன் நாளை காலை எழுந்து உழைக்க வேண்டும், அதற்கான கருவி அவன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். வெல்டரின் ஹோல்டரும் கிரைண்டரும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்பது என் கருத்து. நீதிமன்றமே தொடத் தயங்குவதை நீங்கள் உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஐந்து வாரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அவர் நாளைக்கே காவல் நிலையம் போய், என் பொருளை அபகரித்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தால், புகார்தாரராக நிற்க வேண்டிய நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள். மெஷின் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் நாள் வாடகையும் உங்கள் தலையில் விழும்.

திருப்பிக் கொடுக்கும்போது முறையாகக் கொடுங்கள். ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள்: மெஷின் ஒன்று, கிரைண்டர் ஒன்று, கேபிள் இத்தனை மீட்டர், ஹோல்டர், எர்த் கிளாம்ப். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். கருவியைக் கொடுத்துவிட்டால் உங்கள் பிடி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உங்களுடைய உண்மையான பிடி வேறு இடத்தில் இருக்கிறது.

காலண்டர் தாள்தான் உங்கள் ஒப்பந்தம்

எழுத்தில் ஒன்றுமே இல்லை என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: "அவர் வந்து அளந்த அன்று நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதை நான் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்." தாளின் படத்தையும் இணைத்திருக்கிறீர்கள். கேட் 38,000, கைப்பிடி எஸ்.எஸ். 304 (அந்த எஃகின் ரக எண்) என்று போட்டு 30,000, கிரில் நான்கு 24,000, கூரை 18,000. கூட்டினால் 1,10,000. கீழே அவர் கையெழுத்தில் செல்போன் எண்.

சகோதரி, இதைவிடத் தெளிவான ஒப்பந்தத்தை எத்தனையோ முத்திரைத்தாளில் நான் பார்த்ததில்லை. வாய்ப்பேச்சே செல்லுபடியாகும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். உங்களுக்கோ வேலை இன்னது, விலை இன்னது என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். 45,000 வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. கையில் கொடுத்த 15,000 பற்றி அவர் அனுப்பிய குரல் செய்தியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அழிக்காதீர்கள், செல்போனை மாற்றவும் வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதை அப்போது தயார் செய்துகொள்ளலாம்.

இரும்பு விலை ஏறிவிட்டது என்ற பேச்சுக்கும் அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது. விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று அதில் இல்லை. மொத்த விலைக்கு ஒப்புக்கொண்டவர், ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொண்டார். கூடுதலாக 30,000 கேட்க அவருக்கு உரிமை இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

"என் பணத்தை விழுங்கிவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் நோகாமல் கேளுங்கள், அதே தாளை வைத்து நான் ஒரு கணக்குப் போடுகிறேன்.

கேட் 38,000, கைப்பிடி 30,000, முடிந்த இரண்டு கிரில் 12,000. இதுவரை அவர் செய்த வேலையின் மதிப்பு, குறையே இல்லாமல் இருந்தால், 80,000. நீங்கள் கொடுத்தது 60,000. ஆக, குறைகளைக் கழிப்பதற்கு முன்னால் அவருக்குத்தான் நீங்கள் 20,000 தர வேண்டும். பேசிய தொகையில் 50,000 இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. நான் சொன்ன பிடி இதுதான்.

ஆகவே "60,000ஐயும் திருப்பிக் கொடு" என்ற கோரிக்கை எந்த மன்றத்திலும் நிற்காது. செய்த வேலையை வீட்டில் வைத்துக்கொண்டு பணத்தையும் முழுதாகக் கேட்க முடியாது. நீங்கள் கேட்கக்கூடியது மூன்று: கேட்டைச் சரிசெய்து தர வேண்டும், கைப்பிடி 304தான் என்று காட்ட வேண்டும் அல்லது விலையைக் குறைக்க வேண்டும், மீதி வேலையைப் பேசிய விலைக்கு முடிக்க வேண்டும். அவர் மறுத்தால் வேறு ஆளை வைத்து முடித்து, அதனால் ஆகும் கூடுதல் செலவை அவருக்குச் சேர வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் அவரிடம் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு தரும் உரிமை அது. அதே பிரிவு, நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையையும் உங்களுக்கு விதிக்கிறது. ஐப்பசி மழை வரட்டும், வீணானதற்கெல்லாம் அவரே பொறுப்பு என்று கூரையைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

கேட்டும் கிரில்லும் கைப்பிடியும்

குறை என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. எது, எங்கே, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது: இடது கதவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது, சிமெண்டுத் தரையில் கால்வட்டமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டைப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவு நாடா வைத்து. கீல் பற்றவைத்த இடத்தையும் கிட்டத்தில் எடுங்கள். நல்ல வெல்டிங் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே வரியாக ஓடும். அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் டேக் மட்டும் அடித்து மேலே பெயிண்டு பூசியிருந்தால், பெயிண்டு வெடித்து முடி போல ஒரு விரிசல் தெரியும். கதவின் சட்டத்தில் மூலைக்கு மூலை சாய்வுப் பட்டை இல்லை என்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. அகலமான கதவு தொங்குவதற்கு அது ஒன்றே போதும். இது மோசடி வேலை இல்லை, கவனக்குறைவான வேலை. சரிசெய்ய ஒரு நாள் போதும்.

கிரில்லுக்கு 12 மி.மீ. சதுரக் கம்பி என்று பேசினாராம், மெலிதாகத் தெரிகிறதாம். கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம். கணவரின் வண்டியில் 10 நம்பர், 12 நம்பர் ஸ்பேனர் இருக்கும். ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஸ்பேனரைக் கம்பியில் மாட்டிப் பாருங்கள். 12 நம்பர் லொடலொடவென்று ஆடி, 10 நம்பர் கச்சிதமாக உட்கார்ந்தால் அது 10 மி.மீ. கம்பி. 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 10 மி.மீ. 0.785 கிலோ. பார்வைக்கு இரண்டு மில்லிமீட்டர்தான், இரும்பிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அப்படி இருந்தால் விலையையும் குறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கைப்பிடி விஷயத்தில் மட்டும் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. வளைவில் காந்தம் லேசாக ஒட்டியது, அதனால் போலி என்கிறீர்கள். காந்தம் இதில் சாட்சி ஆகாது. 304 ரகமும் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, விலை குறைந்த 202 ரகமும் ஒட்டாது. அதேபோல், நல்ல 304 குழாயைக்கூட வளைத்த இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் காந்தம் சற்று இழுக்கும். எஸ்.எஸ். விற்கும் கடைகளில் ரகம் பார்க்கும் சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். வெட்டிய துண்டு ஏதாவது கொட்டகையில் கிடந்தால் எடுத்துப் போய்க் கேளுங்கள்.

பழுப்புப் புள்ளிக்கு 202 ரகம் காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. கைப்பிடியை மாட்டிய பிறகுதான் கேட்டை அதே முற்றத்தில் வைத்து கிரைண்டிங் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்பை அரைக்கும்போது பறக்கும் பொறி எஸ்.எஸ். மேல் ஒட்டிக்கொண்டு சில நாளில் துருப்பிடிக்கும். இரும்பு அரைத்த அதே டிஸ்கால் எஸ்.எஸ். வெல்டிங்கைத் தேய்த்தாலும் இதேதான். குழாய் நன்றாகவே இருக்கும், துரு அந்நிய இரும்பினுடையது. எதுவானாலும் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான், ஆனால் முதலாவது ஏமாற்று, இரண்டாவது அஜாக்கிரதை. தெரியாமல் முதல் வார்த்தையைப் பயன்படுத்தாதீர்கள். இரும்பு நார் வைத்து நீங்களே தேய்த்துவிடவும் வேண்டாம், துரு கூடும்.

அந்தப் பையனின் கண்

உங்கள் கடிதத்தில் என் மனதை மிகவும் உறுத்தியது இந்தப் பத்திதான். கேட் வேலை நடந்த மாலையில், மாமா பற்றவைக்கும்போது பையன் கண்ணாடிகூட இல்லாமல் குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடுராத்திரி இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் வலி. உங்கள் மாமியாரே தாய்ப்பால் விடச் சொல்லி யோசனை சொன்னார். ஐந்து வாரம் கழித்து இப்போதும் வலது கண் கலங்கலாகத் தெரிகிறது என்கிறான்.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் பட்டறை வழக்குகளில் கண் மருத்துவர்களின் அறிக்கைகளைப் படித்த அனுபவத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோவதுதான் அந்த இரவு வலி. பட்ட உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும். வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ஐந்து வாரமாகியும் ஒரு கண்ணில் மட்டும் மங்கல் இருக்கிறது என்றால் அது வேறு ஏதோ. கிரைண்டரிலிருந்து தெறித்த இரும்புத் துகள் கருவிழியில் தங்கி, துருப்பிடித்துக்கொண்டிருக்கலாம். அதற்குத் தாய்ப்பாலும் வேண்டாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். நம் வேலூரில் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. நாளைக்கே போகச் சொல்லுங்கள். யார் செலவு என்ற பேச்சு அதற்குப் பிறகு.

சட்டப்படி யார் பொறுப்பு? பையனை வேலைக்கு வைத்தவர் வெல்டர். கண்ணாடியும் முகமூடியும் கொடுத்திருக்க வேண்டியவர் அவர். தன் சொந்தக் கருவியோடு வந்து, எப்படிச் செய்வது என்று தானே தீர்மானித்து, மொத்தக் கூலிக்கு வேலை செய்பவர் தனி ஒப்பந்தக்காரர். அவருடைய ஆளுக்கு நேரும் காயத்துக்குப் பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பாக மாட்டார். தொழிலுக்காக ஒப்பந்தம் விடும் முதலாளிகளுக்கு உள்ள இழப்பீட்டுப் பொறுப்பும், குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்ப்பவர்மேல் அப்படியே வந்து விழாது. உங்கள் வீட்டு மின்கம்பி பழுதாகி அதில் ஷாக் அடித்திருந்தாலோ, ஆபத்து என்று தெரிந்தே நீங்கள் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தாலோ கதை வேறு. சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்தியது அந்த வகையில் சேராது. அதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

ஆகவே 10,000 தர வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பரிசோதனைச் செலவை நீங்கள் ஏற்கலாம் என்றுதான் நான் சொல்வேன். வெல்டர் கையில் கொடுக்காமல் மருத்துவமனையில் நேராகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "பொறுப்பை ஏற்று அல்ல, உதவியாகத் தருகிறேன்" என்று ஒரு வரி செய்தியாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். வெல்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்கள் பலர் தாங்களும் பதிவதில்லை, கூட இருக்கும் பையன்களையும் பதிய வைப்பதில்லை.

போலீசா, ஆணையமா?

மோசடிப் புகார் வேண்டாம். முன்பு 420 என்றார்களே, அது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு. எண் மாறினாலும் சாரம் மாறவில்லை. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி இது. வாங்கியதைவிட அதிக மதிப்புக்கு வேலை செய்துவிட்டு நடுவில் நிறுத்தியவரை அதில் சேர்க்க முடியாது. காவல் நிலையத்தில் கூப்பிட்டு அதட்டுவார்கள், பணம் வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். காவல் நிலையம் கடன் வசூலிக்கும் இடம் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவரோடு நீங்கள் நாளையும் முகம் பார்த்து வாழ வேண்டும்.

உங்களுக்குச் சரியான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வேலூரிலேயே இருக்கிறது. கம்பெனிமேல்தான் அங்கே போகலாம் என்பது தவறு. கூலி வாங்கிக்கொண்டு சேவை தரும் தனி ஆளும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவார். எஜமான், வேலைக்காரர் என்ற உறவில் நடக்கும் சொந்த ஊழியத்துக்குத்தான் விலக்கு. வீட்டுக் கட்டுமானம் என்ற சொல்லே அந்தச் சட்டத்தின் சேவை விளக்கத்தில் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும் என்பதையும், தீர்ப்பு வந்த பிறகு அவரிடம் பணம் இருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, நான் மிகவும் நம்புவது இதைத்தான். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. வழக்குப் போடாமலே மனுக் கொடுக்கலாம். அவரை அழைத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எழுதிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100. கருவிகளைத் திருப்பிக் கொடுத்த ரசீதோடு போனால், நியாயமாக நடந்துகொண்டவர் என்ற மதிப்போடு அங்கே உட்காருவீர்கள்.

அதற்கும் முன்னால், ஸ்பீடு போஸ்டில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே போதும். செய்த வேலை, கொடுத்த பணம், குறைகள், மீதி வேலை, 15 நாள் அவகாசம். வசவு ஒரு சொல்கூட வேண்டாம். பதில் இல்லையென்றால், வேறு ஆளைக் கொண்டு தொடுவதற்கு முன் இப்போதுள்ள நிலையை அப்படியே படம் எடுத்துவிடுங்கள். வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் பார்வையிட்டு எழுதி வாங்குங்கள். ராணிப்பேட்டை பெல் ஆலை இருக்கும் நம் பக்கத்தில் அந்த வேலையில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டை அறுத்துச் சரிசெய்த பிறகு குறையை எங்கே காட்டுவீர்கள்?

மீதி வேலை, அவரோ வேறொருவரோ

கூரையை இன்னும் தொடவே இல்லை என்பதால் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக இல்லை, இரண்டு மாதம் அலைவதைவிட இரண்டாயிரம் மூவாயிரம் சேர்த்துக் கொடுத்து மழைக்கு முன் முடிப்பது உங்களுக்கு லாபம். அப்படிச் செய்தால் இந்த முறை எழுதிக்கொள்ளுங்கள்:

கணக்கு கிலோவா, சதுர அடியா என்பது முதலில். கிலோ என்றால் தேவைக்கு மேல் கனத்த இரும்பு வரும், சதுர அடி என்றால் மெலிந்த பைப் வரும். எனவே எதுவானாலும் கம்பியின் அளவு, பைப்பின் கேஜ் இரண்டையும் எழுத வேண்டும். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது என்பதை மறக்காதீர்கள்: 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. கிலோ என்றால் எடைமேடை ரசீது வேண்டும்.

பணத்தை வேலையோடு கட்டிப்போடுங்கள். இரும்பு வீட்டில் இறங்கியதும் ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு, பிரைமர் அடிக்கும் முன் வெல்டிங்கை நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பங்கு. பெயிண்டுக்கு முன்னால் பார்ப்பதுதான் முக்கியம், பூசிய பிறகு எல்லா வெல்டிங்கும் ஒன்றுபோல்தான் தெரியும்.

வேலை செய்யும் எல்லோருக்கும் முகமூடியும் கண்ணாடியும் இருந்தால்தான் மெஷினைப் போட விடுவேன் என்றும் எழுதுங்கள். மின்சாரத்துக்கு மெயின் கம்பியில் கொக்கி போட அனுமதிக்காதீர்கள். அது மின்திருட்டு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் வருவது, இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. சிலிண்டர், இருசக்கர வண்டி, காயும் துணி எதுவும் பொறி பறக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அவர் பூட்டியது வீட்டைக் காக்கத்தான், அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் சாவியை அவர் கையாலேயே திறந்து கொடுத்தால், அந்த வெல்டர் உட்கார்ந்து பேசுவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறு கிடைக்காது. பையன் கண் மருத்துவமனைக்குப் போனானா, என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.